நனையத் துணிந்தவருக்கே ஜீப்

பழைய ராணுவ ஜீப் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியவரிடம் ஊரார் கேட்கும் முதல் கேள்வி, ‘மழை வந்தா என்ன பண்ணுவீங்க?’ என்பதுதான். கேட்பவர் மனதில் இருப்பது கூரை. கதவில்லை, ஏற்றி இறக்கும் கண்ணாடி இல்லை, தலைக்கு மேல் ஒரு தகரம்கூட இல்லை. மனிதர் நனைந்துபோவாரே என்ற இரக்கம். வாங்கியவருக்கும் அதே கவலைதான் என்பது அவர் செய்யும் முதல் செலவிலேயே தெரிந்துவிடும்: புது ரெக்சின் ஹூட், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்துத் தைத்த படுதா. இந்தக் கவலை தவறான இடத்தில் நிற்கிறது என்பது என் கருத்து. திறந்த ஜீப்புக்கு மழைக்காலத்தில் வரும் ஆபத்தில் பெரும்பங்கு மேலேயிருந்து வருவதில்லை. டயருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவிலிருந்து வருகிறது, பிரேக் டிரம்முக்குள்ளிருந்து வருகிறது. அதைவிட முக்கியம், நனையாமல் தப்பிப்பதற்காக ஓட்டுநர் செய்யும் காரியங்களில் பலவும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. நனைவோம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற உடுப்போடு ஏறி உட்காருபவரால்தான் அந்த வண்டியை மழையில் ஒழுங்காக ஓட்ட முடியும்.

வண்டி ஏன் இப்படிப் பிறந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், எடை சுமார் 590 கிலோவைத் தாண்டக் கூடாது, முதல் மாதிரி வண்டி 49 நாளில் வந்து நிற்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். கெடுவைக் கேட்டதுமே பெரும்பாலானவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பாண்டம் என்ற சிறிய நிறுவனத்துக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் இரண்டே நாளில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தின் ஹோலபர்ட் ராணுவ முகாமுக்கு வண்டி போய்ச் சேர்ந்தது. எடை வரம்பு நடக்காத காரியம் என்று தெரிந்து பிறகு தளர்த்திவிட்டார்கள். வில்லிஸ் என்ற நிறுவனம் செய்து, போரில் ஓடிய எம்.பி. ஜீப் 1 டன்னைத் தாண்டியது. ஆனாலும் அந்த எடைச் சிக்கனம் வண்டியின் உடம்பில் அப்படியே தங்கிவிட்டது. கதவுக்குப் பதிலாக ஒரு பட்டை வார். கூரைக்குப் பதிலாக வளைகம்பிகளும் ஒரு கித்தானும். தரையில் தண்ணீர் வடிய ஓட்டை. உள்ளே மழை பெய்யும், பெய்த தண்ணீர் ஓட்டை வழியே போய்விடும், உட்கார்ந்திருக்கும் சிப்பாய்க்கு அவனுடைய மழைக்கோட்டே கூரை என்பதுதான் அதை வடிவமைத்தவர்கள் போட்ட கணக்கு. போர்முனையில் அந்தக் கித்தானும் பல நேரம் இருக்காது. கண்ணாடியில் படும் வெளிச்சம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் முன்கண்ணாடியையும் பானட் மேல் மடக்கிப் போட்டே ஓட்டினார்கள். அப்படி ஓட்டுபவரின் கழுத்தை அறுக்க எதிரிகள் சாலைக்குக் குறுக்கே கம்பி கட்டினார்கள். அதை வெட்ட ஜீப்பின் முன் பம்பரில் ஆளுயர இரும்புப் பட்டை ஒன்றைப் பற்றவைத்தார்கள். இன்று ஜீப் கண்காட்சிகளில் அழகுக்காக வைத்திருப்பதாகப் பலர் நினைக்கும் அந்த இரும்பு, கண்ணாடியை மடக்கி ஓட்டியதற்குக் கொடுத்த விலை.

ஆக, நனைவது இந்த வண்டியின் கோளாறு அல்ல. அதோடு சேர்ந்தே வந்தது. போர்க்காலத்தில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளின. 1944இல் ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆவது படை இம்பாலிலிருந்து ஜப்பானியர்களைத் துரத்திக்கொண்டு மழைக்காலத்திலேயே பர்மாவுக்குள் இறங்கியபோது சேற்றுப் பாதைகளில் அதற்குக் கைகொடுத்தவற்றில் ஜீப்பும் ஒன்று. வடபர்மாவில் ரயில் சக்கரம் மாட்டிய ஜீப்புகள் தண்டவாளத்தில் பெட்டிகளையே இழுத்தன. போர் முடிந்ததும் வில்லிஸ் ஜீப் இந்தியாவில் நிலைத்துவிட்டது. மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் அதைப் பூட்டத் தொடங்கி, பிறகு இங்கேயே தயாரித்தது. உயர்ந்த பானட் கொண்ட சி.ஜே. 3பி, அதன் வழிவந்த எம்.எம். 540 என்று அதே எலும்புக்கூடு பல பத்தாண்டுகள் ஓடியது. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையின் ஜோங்கா, 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி ஆகியவை வேறு வம்சம் என்றாலும் திறந்த உடம்பு, கித்தான் கூரை என்ற குணம் அவற்றுக்கும் உண்டு. ராணுவமும் போலீசும் ஏலம் விட்ட இவற்றை வாங்கிப் புதுப்பித்து வைத்திருப்பவர்கள் கோவை, கொச்சி, பெங்களூரு பக்கமெல்லாம் இருக்கிறார்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கரடுமுரடுப் பாதையில் இன்றும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போவது ஜீப்தான். ஆகவே இது அருங்காட்சியகத்துப் பேச்சல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் முதல் டிசம்பர் வரை ஏதாவது ஒரு மழை இருந்துகொண்டே இருக்கும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

இனி விஷயத்துக்கு வருவோம். மழையில் நின்றுகொண்டிருக்கும் திறந்த ஜீப்பில் உட்கார்ந்திருப்பவர் முழுக்க நனைவார். அதே ஜீப் ஓடத் தொடங்கினால், வேகம் ஏற ஏற, முன்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் மேல் விழும் மழை குறையும். காரணம் எளிது. பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. கண்ணாடிக்கும் முகத்துக்கும் நடுவே 70 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டிய துளி அந்த இடைவெளியைக் கடப்பதற்குள் 1 மீட்டருக்கு மேல் இறங்கி மடியில் விழுந்துவிடும். 60 கிலோமீட்டரில் போனால் 40 சென்டிமீட்டர்கூட இறங்காது. தலைக்கு மேலேயே பின்சீட்டுக்குப் போய்விடும். காற்று கண்ணாடியில் மோதி மேலே எழும்புவதையும் சேர்த்தால் இன்னும் குறையும். திறந்த வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதில்லை, பழக்கத்தில் தெரிந்துகொள்கிறார்கள்: ‘நிக்காம அழுத்திப் போனா நனைய மாட்டோம்.’ உண்மைதான். ஆனால் மழை நாளில் ஓட்டுநரின் காலை ஆக்ஸிலேட்டரில் அழுத்தவைக்கும் இதைவிட மோசமான காரணம் வேறு இருக்க முடியாது. மூடிய காரில் இருப்பவருக்கு மெதுவாகப் போவதால் எந்த நஷ்டமும் இல்லை. திறந்த ஜீப்பில் இருப்பவருக்கோ வேகத்தைக் குறைத்த அந்தக் கணமே சட்டை நனைகிறது. நிதானமாகப் போவதற்கு உடனடித் தண்டனை கிடைக்கிறது. நனையாமல் இருக்க வேண்டும் என்ற ஆசையை ஏறும்போதே கைவிட வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அந்த வேகத்தின் விலை என்ன என்பதையும் பார்த்துவிடலாம். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்கு உராய்வு எண் 0.7 என்றும், நனைந்த சாலையில் 0.4 என்றும் வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்த பிறகு உலர்ந்த சாலையில் சுமார் 20 மீட்டரில் நிற்கும். ஈரச் சாலையில் 35 மீட்டர் ஆகும். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி பிடித்தால் அதற்குள் வண்டி இன்னும் 17 மீட்டர் ஓடியிருக்கும். மொத்தம் 52 மீட்டர். அதே ஈரச் சாலையில் 40 கிலோமீட்டரில் வந்தால் மொத்தமே 27 மீட்டர்தான். வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் நிற்கும் தூரம் ஏறக்குறையப் பாதியாகிறது. மலைச்சாலையில் மூடுபனி இறங்கிய மாலையில் முன்னே 30 மீட்டர் தெரிந்தாலே பெரிது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இது நல்ல டயருக்கான கணக்கு. பழைய ஜீப்பில் பெரும்பாலும் இருப்பது நல்ல டயர் அல்ல. வருஷத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் டயர் தேயாது, பட்டன் அப்படியே இருக்கும். ஆனால் ரப்பர் காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும். கெட்டிப்பட்ட ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். 1219 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஜீப்போடு வந்த 16 அங்குல டயர் ஒல்லியானது. ஒல்லி டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். அகல டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கண்டறிந்த விதிப்படி, காற்றழுத்தம் 25 பி.எஸ்.ஐ. உள்ள டயர், போதுமான தண்ணீர் தேங்கியிருந்தால், சுமார் 83 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டு எழும்பத் தொடங்கும். பழைய ஜீப் அந்த வேகத்துக்கு மழையில் போகப்போவதில்லை என்பதால், ஒல்லி டயரோடு இருக்கும்வரை மிதப்பது அதற்குப் பெரிய தொல்லையல்ல. ஆனால் வாங்கியவர் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டு, வண்டிக்கு வெளியே துருத்தும் அகலமான மட் டயரை மாட்டுகிறார். பெரிய பெரிய பட்டன், நடுவே அகலப் பள்ளம். சேற்றில் அது அருமையாக இழுக்கும். ஈரத் தாரிலோ தரையைத் தொடும் ரப்பரே குறைவு. மழைக்காக வண்டியைத் தயார் செய்கிறோம் என்று நினைத்து, மழைச்சாலைக்கு ஆகாத வண்டியாக மாற்றிவிடுகிறார்கள்.

பிரேக் இதைவிட முக்கியம். பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்ததும் டிரம்முக்கும் லைனருக்கும் நடுவே ஈரப்படலம் தங்கும், மிதித்தால் பிடிக்காது. டிரம் மூடிய பாத்திரம் என்பதால் டிஸ்க்கைப் போல ஒரு சுற்றில் உதறிவிடவும் முடியாது. அதைவிடக் கெட்டது, நான்கும் ஒரே நேரத்தில் காய்வதில்லை. டிரம் பிரேக்கின் ஷூ, சுற்றும் டிரம்மோடு சேர்ந்து தானே இறுகும் குணம் உள்ளது. காய்ந்த பக்கம் கூடுதலாக இறுகும், ஈரப் பக்கம் வழுக்கும். மெக்கானிக்குகள் ‘வண்டி இழுக்குது’ என்பது இதைத்தான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே வெறும் 2 மீட்டர் நீளமுள்ள வண்டியில் அந்த இழுப்பு சட்டென்று வண்டியையே திருப்பிவிடும். இதற்கு மருந்து பழைய டிரைவர்களுக்குத் தெரிந்ததுதான்: தண்ணீரைத் தாண்டியதும் சிறிது தூரம் மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாக மிதித்துப் பிடித்து, சூட்டில் காயவைத்துவிட்டுப் பிறகு வேகமெடுப்பது. சில நூறு மீட்டர் போதும். ஆனால் நனைந்துகொண்டே அந்தச் சில நூறு மீட்டரை ஊர்ந்து போகப் பொறுமை வேண்டும். நனைவதை வெறுப்பவரிடம் அது இருக்காது. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான் என்பதையும் மறக்கக் கூடாது. எங்காவது ஓர் இடத்தில் ஆயில் கசிந்தால் நான்கும் போச்சு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஷெட்டிலேயே நின்ற வண்டியிலும் அது கெட்டுப்போகும், உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

‘ஃபோர் வீல் இருக்கே, அப்புறம் என்ன பயம்?’ என்பது வழக்கமான பதில். நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பவும் ஏற்றவும் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும் உண்டு, மாருதி 800இலும் உண்டு. செங்குத்தான சேற்று இறக்கத்தில் லோ கியர் போட்டு இறங்கும்போது என்ஜினின் தடை நான்கு சக்கரத்துக்கும் பிரிந்து போவது உண்மையிலேயே பெரிய நன்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரென்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திருப்பினால், முன்சக்கரம் அதிக தூரம் சுற்ற வேண்டும், பின்சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டிக் கிடப்பதால் ஏதோ ஒன்று வழுக்கித்தான் ஆக வேண்டும். ஈரத் தாரில் பெரும்பாலும் வழுக்குவது முன்சக்கரம். வண்டி திருப்பிய பக்கம் வராமல் நேராகப் போகப் பார்க்கும். சேற்றுக்கு ஃபோர் வீல், தாருக்கு டூ வீல், இரண்டுக்கும் மெதுவான கால். இதில் கெட்டிக்காரத்தனத்துக்கு இடமில்லை.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரையே தாங்கிய வண்டி, மழையைத் தாங்காதா? வண்டி தாங்கும். உள்ளிருப்பவரைப் பற்றித்தான் பேச்சு. ராணுவ வண்டி என்றால் பாதுகாப்பான வண்டி என்று பொருளல்ல; ராணுவத்துக்கு வேண்டிய வேலையைச் செய்யும் வண்டி என்றுதான் பொருள். இதற்கு அமெரிக்க ராணுவமே சாட்சி. வில்லிஸ் ஜீப்புக்கு வாரிசாக 1960களில் வந்த எம் 151 வண்டியின் பின்சக்கர சஸ்பென்ஷன், வளைவில் வேகமாகத் திருப்பினால் சக்கரத்தை உள்பக்கம் மடக்கிவிடும் அமைப்புடையது, வண்டிகள் கவிழ்ந்தன. சஸ்பென்ஷனை மாற்றினார்கள், ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கையும் பயிற்சியும் கொடுத்தார்கள், பிற்பாடு கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டும் பொருத்தினார்கள். கழித்துவிடும் காலம் வந்தபோது, பழைய ஜீப்புகளைப் போல அப்படியே பொதுமக்களுக்கு விற்காமல் வெட்டித் துண்டாக்கியே வெளியே விட்டார்கள். தான் ஓட்டிய வண்டியைப் பொதுச்சாலைக்கு ஆகாது என்று அந்த ராணுவமே முடிவு கட்டியது. வில்லிஸ் வழிவந்த ஜீப்பின் இறுக்கமான அச்சுக்கு அந்தக் குறிப்பிட்ட நோய் கிடையாது. ஆனால் குறுகல், உயரம், குட்டை நீளம் மூன்றும் உண்டு. அசல் வண்டியில் சீட் பெல்ட்டும் கூண்டும் கிடையாது. போரில் ஓட்டியவர்கள் இந்தக் குறைகளை ஏற்றுக்கொண்டது அவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்துகள் இருந்ததால்தான். ஞாயிற்றுக்கிழமை சவாரிக்கு அந்த நியாயம் பொருந்தாது.

சரி, ஹூட் போட்டுக்கொண்டு மெதுவாகப் போகலாமே என்று கேட்பீர்கள். மேல் ஹூட் மட்டும் போடுவதில் தவறில்லை. சிக்கல் பக்கப் படுதாவில் தொடங்குகிறது. பிளாஸ்டிக் ஜன்னல் ஓரிரு வருஷத்தில் மஞ்சளித்துக் கீறல் விழும். மழைத்துளி வழியும்போது அதன் வழியே பக்கவாட்டுக் கண்ணாடிகூடத் தெரியாது. ஈர உடையோடு நான்கு பேர் உள்ளே மூச்சு விட்டால் முன்கண்ணாடி உள்பக்கம் பனித்துப்போகும். அதைக் காயவைக்கச் சூடான காற்று வீசும் வசதி இந்த வண்டிகளில் இல்லை. வைப்பரின் கதையோ தனிக் கதை. போர்க்கால ஜீப்பில் வைப்பரைக் கையால் ஆட்ட வேண்டும். அடுத்து வந்த வேக்குவம் வைப்பர் என்ஜின் உறிஞ்சும் காற்றில் ஓடுவது. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் உறிஞ்சல் குறைந்து வைப்பர் தூங்கிவிடும். மழை பெய்யும் மலையேற்றத்தில், எப்போது வேண்டுமோ அப்போது நிற்கும் வைப்பர். பக்கங்களை மூடிப் பின்பக்கத்தைத் திறந்துவிட்டு ஓட்டுவது இன்னும் மோசம். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சுழல் ஒன்று உருவாகி, சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தலைவலி என்று நினைக்கும்போதே நிதானம் போயிருக்கும். இத்தனையும் எதற்கு? தோள் நனையாமல் இருக்க. கண்ணையும் காதையும் கொடுத்துத் தோளைக் காப்பாற்றும் இந்த வியாபாரம் எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

நனைவதை ஒப்புக்கொள் என்றால், வெறும் சட்டையோடு நனை என்று பொருளல்ல. அது தைரியம் அல்ல, முட்டாள்தனம். நம் ஊர் ஆட்கள் குளிரை இமயமலைக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை நாட்களில் உதகையில் பகலிலேயே 20 டிகிரியைத் தொடாதது சாதாரணம். இரவில் இன்னும் இறங்கும். காற்றின் குளிரைக் கணக்கிடும் இன்றைய சூத்திரப்படி, 10 டிகிரி குளிரில் 50 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது 5 டிகிரியைப் போல உறைக்கும். இது காய்ந்த தோலுக்கான கணக்கு. ஈரம் சேர்ந்தால் கதையே வேறு: தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உடுப்பில் ஊறிய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போக 580 கிலோ கலோரி சூடு வேண்டும். அதில் பெரும்பங்கை உடம்புதான் கொடுத்தாக வேண்டும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதைத்தான் மருத்துவர்கள் ஆபத்தான குளிர்ச்சி என்கிறார்கள். அதற்கு வெகு முன்னாலேயே விரல் மரத்துப்போகும், கியர் மாற்றும் கை தடுமாறும், பேச்சு குழறும், முடிவெடுக்கும் புத்தி மந்தமாகும். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சாதிப்பதும் அதன் அறிகுறிகளில் ஒன்று. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் இதற்கு மிக மோசமான உடை. நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கதகதப்பு போய்விடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை நூல் பனியன், மேலே காற்றும் நீரும் புகாத கோட்டும் பேன்ட்டும், கழுத்தைச் சுற்றி ஏதாவது துணி, பிடிப்புள்ள கையுறை, முகத்துக்குத் தெளிவான கண்ணாடி. மழைக்கோட் என்று கடையில் விற்கும் தொளதொள பிளாஸ்டிக் அங்கி காற்றில் படபடத்துக் கியர் கம்பியில் மாட்டும். பைக் ஓட்டுபவர்கள் போடும் இறுக்கமான மழை உடுப்பு இதற்குப் பொருத்தம். ஹூட்டுக்கும் படுதாவுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதி போதும், நான்கு பேருக்கு இந்த உடுப்பு வாங்கிவிடலாம்.

கூரை இல்லாதது எங்கேயும் பொருட்டில்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு இடத்தில் அது உயிர்ப் பிரச்சினை. ஒன்று மின்னல். மூடிய இரும்புக் காரில் மின்னல் விழுந்தால் மின்சாரம் வெளித்தகட்டிலேயே ஓடித் தரைக்குப் போய்விடும். உள்ளிருப்பவர் தப்பிக்க நல்ல வாய்ப்பு உண்டு. ரப்பர் டயர் காப்பாற்றுகிறது என்று சொல்வது கட்டுக்கதை. காப்பது நாலாபக்கமும் சூழ்ந்த உலோகம். திறந்த ஜீப்பில் அது இல்லை, ரெக்சின் ஹூட் போட்டாலும் இல்லை. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் ஒரு கட்டடத்துக்குள்ளேயோ மூடிய வாகனத்துக்குள்ளேயோ போய்விட வேண்டும். கோடை மழையில் மலை முகட்டில் ஜீப் சவாரி போவது இந்த ஒரு காரணத்தாலேயே தவறு. இன்னொன்று, மேலேயிருந்து விழும் கிளையும் கல்லும். மழைக் காற்றில் யூகலிப்டஸ், சில்வர் ஓக் கிளைகள் முறிந்து விழாத மலைச்சாலை கிடையாது. மழை எச்சரிக்கை நாட்களில் மலை மாவட்ட நிர்வாகங்கள் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது வீண் கெடுபிடி அல்ல.

தரைப்பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரமான வண்டி, போரில் கடலோரத் தண்ணீரிலேயே இறங்கிய வண்டி என்ற நம்பிக்கையில் வெள்ளம் ஓடும் பாலத்தில் ஜீப்பை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நார்மண்டியில் இறங்கிய ஜீப்புகளுக்கு மின்சுற்று முழுக்க நீர்புகாப் பசை பூசி, காற்று உறிஞ்சும் குழாயையும் புகைக் குழாயையும் மேலே நீட்டியிருந்தார்கள். தண்ணீரில் மிதக்க ஃபோர்டு தனியாகவே படகு உடம்பு ஜீப் ஒன்றைச் செய்தது. ஆஸ்திரேலியரான பென் கார்லின் அதில் அட்லாண்டிக்கைக் கடந்து, 1958இல் உலகையே சுற்றி முடித்தார். அவரும்கூட அதற்கு மூடிய கேபின் கட்டிக்கொண்டுதான் கடலில் இறங்கினார். உங்கள் வீட்டு ஜீப்புக்கு இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஃபேன் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடித்தால் பெட்ரோல் ஜீப் நடுப்பாலத்தில் நின்றுவிடும். ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய கார்களை மிதக்கவிடும். 60 சென்டிமீட்டர் பெரிய வண்டிகளையும் அடித்துப் போகும். ஆழம் தெரியாத ஓடும் தண்ணீரில் இறக்கக் கூடாது என்ற விதிக்கு ஜீப் விலக்கல்ல.

இத்தனை சொன்ன பிறகு, அப்படியானால் மழையில் இதை எடுக்கவே வேண்டாமே என்று தோன்றலாம். அந்தக் கட்சியிலும் நியாயம் உண்டு. சட்டமே பாதி வேலையைச் செய்துவிட்டது: 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து விண்டேஜ் என்று பதிவான வண்டிகளை அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது; கண்காட்சி, பழைய வாகனப் பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் அனுமதி. ஆனால் பேரணிக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொள்ளும். மலையில் வேலைக்கு ஓடும் ஜீப்பை மழை வந்தது என்று நிறுத்திவிட முடியாது. தவிர, நம் சாலைகளில் கோடிக்கணக்கானோர் தினமும் மழையில் நனைந்துகொண்டே டூவீலர் ஓட்டுகிறார்கள். அவர்களை யாரும் கூரை போடச் சொல்வதில்லை. அவர்களில் கவனமானவர்கள் மழை உடுப்பு போட்டு, வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வண்டியிலிருந்து தள்ளி ஓட்டுகிறார்கள். ஜீப்காரர் தன்னைக் காரோட்டியாக நினைப்பதை விட்டு டூவீலர்காரராக நினைத்துக்கொண்டால் போதும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் தூசியும் எண்ணெயும் கலந்து சாலை மிக வழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஜீப்காரருக்கும் தெரிய வேண்டும்.

ஆகவே பருவமழைக்கு முன்னால் வண்டியை மெக்கானிக்கிடம் விடுபவர் ஹூட் தைக்கும் கடையை விசாரிக்க வேண்டாம். நான்கு டிரம்மையும் கழற்றி லைனர், வீல் சிலிண்டர் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலை முழுக்க மாற்றச் சொல்லுங்கள். ஹெட்லைட் எர்த் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பழைய 6 வோல்ட் வண்டியில் முனையில் சிறிது துருப்பிடித்தாலும் விளக்கு மங்கிவிடும். பின்விளக்கு பளிச்சென்று எரிகிறதா என்று ஆள் வைத்துப் பாருங்கள். டயர் கெட்டியாகியிருந்தால், ராணுவப் பச்சை பெயிண்ட் அடிக்க எடுத்துவைத்த பணத்தில் முதலில் ஐந்து டயரையும் மாற்றிவிடுங்கள். பெயிண்ட் அடுத்த கோடைக்கு ஆகட்டும்.